ஓய்வுநேரப் பணி: கூழாங்கல்லுக்கு மெருகு

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைப் பேடாகாட்டுக்கு அழைத்துச் செல்வது ஜபல்பூரில் வாழும் நம்மவரிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நீர்வீழ்ச்சியைக் கண்டு, சலவைக்கல் பாறைகளுக்கிடையே படகிற் சென்று, திரும்பும் வழியில் நர்மதைக் கரையில் இறங்கிக் கால் நனைப்பர். அப்பொழுது சிறுவர் மட்டுமன்றிப் பெரியோரும் குனிந்து கூழாங்கற்களைப் பொறுக்கத் தொடங்குவர். தேன்நிறம், செந்நிறம், பச்சை, வெண்ணிறத்தில் மெல்லிய வரி எனத் தண்ணீரில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும். வீடு வந்து பையைக் கொட்டினால் அத்தனையும் சாம்பல் பூத்துக் கிடக்கும். இரண்டு நாள் ஜன்னலோரத்தில் இருந்துவிட்டுப் பின் அவை துளசிமாடத்து மண்ணில் சென்று சேரும்.

நேயர் ஒருவர் இதைக் குறித்தே நமக்கு எழுதியிருந்தார். ஈரத்தில் தெரியும் அழகு காய்ந்ததும் ஏன் மறைகிறது, அதனை நிலைக்கச் செய்ய வழி உண்டா என்பது அவர் வினா. வழி உண்டு. சென்ற ஓராண்டாக நாம் அதில்தான் ஈடுபட்டிருக்கிறோம். இருமுறை தோற்று மூன்றாம் முறையே வெற்றி கண்டோம். தோற்ற கதையையும் மறைக்காது சொல்வதே நேயர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலில் காரணத்தைக் காண்போம். கூழாங்கல் பார்வைக்கு வழவழப்பாக இருப்பினும் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளும் கீறல்களும் நிறைந்துள்ளன. வெளிச்சம் அவற்றிற்பட்டு நாற்புறமும் சிதறுவதால் கல் வெளுத்துத் தோன்றுகிறது. தண்ணீர் அக்குழிகளை நிரப்பிப் பரப்பைச் சமமாக்குகிறது. உள்ளிருக்கும் நிறம் தெரிகிறது. காய்ந்ததும் பழைய நிலை திரும்புகிறது. எனவே குழிகளை அறவே தேய்த்து நீக்கிவிட்டால் கல் காய்ந்த பின்னும் ஈரக் கல்லைப் போலவே விளங்கும். மெருகு என்பது இவ்வளவே. வார்னிஷ் பூசுவதும் எண்ணெய் தடவுவதும் மெருகு ஆகா.

இக்கலை இந்நாட்டுக்குப் புதிதன்று. கூர்ச்சரத்தில் காம்பே என்று வழங்கிய கம்பாத் நகரில் அகேட் கற்களையும், நாம் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லையும் மணிகளாகச் செய்யும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ப் பகுதியில் வெட்டியெடுத்த கல்லை வெயிலிற் காயவைத்து, தணலிற் சுட்டுச் சிவக்கச் செய்வர். கல்லில் உள்ள இரும்புச் சத்தே வெப்பத்தால் சிவப்பாகிறது. பின் இரும்பு முனையில் கல்லை நிறுத்தி, எருமைக் கொம்பாலான சுத்தியால் தட்டி உருவாக்குவர். மெருகிடும் முறைதான் வியப்புக்குரியது. தோற்பை ஒன்றில் மணிகளையும் அரப்பொடியையும் தண்ணீரையும் இட்டு வாயைக் கட்டி, இருவர் எதிரெதிரே அமர்ந்து பந்து உருட்டுவதுபோல் பையை மாறி மாறி உருட்டுவர். பத்துப் பதினைந்து நாள் உருட்டியபின் மணிகள் பளபளத்து வெளிவரும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், வைகைக் கரைக் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த பொருள்களுள் சூதுபவள மணிகள் உள்ளன. அவற்றின் மூலக்கல் கூர்ச்சரப் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

அத்தோற்பையின் வேலையை இன்று மின்சார மோட்டாரும் உருளையும் செய்கின்றன. இப்பொறிக்கு ஆங்கிலத்தில் ‘டம்ப்ளர்’ என்று பெயர். இப்பெயரை நாம் வீட்டில் முதன்முறை சொன்னபோது, இருக்கிற டம்ளர்கள் போதாவா என்று கேள்வி பிறந்தது. ஆகவே இக்கட்டுரையில் உருட்டுப்பொறி என்றே அழைப்போம்.

உருட்டுப்பொறி விலைக்குக் கிடைக்கிறது. நாம் வீட்டிலேயே செய்துகொண்டோம். வடநாட்டில் வாழும் நம் வீடுகளில் பழுதான கூலர் ஒன்று எப்படியும் மூலையில் கிடக்கும். அதன் மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1400 சுற்றுச் சுற்றும். மோட்டாரில் ஒன்றரை அங்குலக் கப்பியும், இரும்புத் தண்டில் 10 அங்குலக் கப்பியும் பொருத்திப் பெல்ட்டால் இணைத்தால் தண்டு நிமிடத்துக்கு 210 முறை சுழலும். தண்டின்மேல் ரப்பர்க் குழாய் செருகி அதன் பருமனை 25 மில்லிமீட்டர் ஆக்குக. அதற்கு இணையாக, பேரிங்கில் தானே சுழலும் மற்றொரு தண்டை வைத்து, இரண்டின்மீதும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் செய்த உருளையைப் படுக்க வைத்தால், உருளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 48 முறை சுற்றும். நமக்கு வேண்டிய வேகம் இதுவே. வேகம் மிகுந்தால் கற்கள் மேலேறி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விண்டுபோகும்; குறைந்தால் அடியிலேயே புரண்டு கிடக்கும். மேலிருந்து கீழே சரிந்து வழுக்கி வருதல் வேண்டும்.

உருளையின் நீளம் 20 சென்டிமீட்டர் போதும். ஒரு முனையை நிலையாக ஒட்டி மூடி, மறுமுனைக்குப் புரியுள்ள திருகுமூடி வைத்தோம். உட்புறம் பழைய ரப்பர் டியூபை வெட்டி ஒட்டினால் கல்லுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. வெளிப்புறம் இரண்டு ரப்பர் வளையங்கள் இட்டால் உருளை வழுக்காது. மோட்டாரில் தண்ணீர் படாதவாறு இடையே தகடு நிறுத்துவதும், எர்த் இணைப்புக் கொடுப்பதும் அவசியம். மின்சார வேலை அறிந்தவரைக் கொண்டே இதைச் செய்க. வீட்டில் எவரும் இல்லாதபோது பொறியை ஓடவிட வேண்டா.

செலவைப் பற்றி இல்லத்தரசிகள் கேட்பர். மோட்டார் 75 வாட் எனக் கொண்டால் நாள் முழுதும் ஓடினாலும் 1.8 யூனிட், 28 நாளுக்கு 50 யூனிட் ஆகும். இரவில் ஓசை அண்டை வீட்டாருக்கு இடையூறு என்றால் நிறுத்திவிடலாம். காலையில் மீண்டும் ஓட்டலாம். நாள் கணக்கை மட்டும் மணிக் கணக்காக மாற்றிக்கொள்க. ஏழு நாள் என்பது 168 மணி. தினம் 14 மணி நேரம் ஓட்டினால் அதற்கு 12 நாள் ஆகும்.

இனிக் கல் தேர்வு. மெருகின் பாதி இதில் அடங்கும். ஜெர்மானியக் கனிமவியலார் பிரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவையில் கனிமங்களின் கடினம் 1 முதல் 10 வரை குறிக்கப்படும். படிகம், அகேட், சூதுபவளம், ஜாஸ்பர் ஆகியவை 7-ஐ ஒட்டியவை. இவைதாம் நன்கு மெருகேறும். சலவைக்கல் ஏறக்குறைய 3. தொடக்கக்காரர்கள் இவ்விரண்டையும் ஒரே உருளையில் இடலாகாது. நாம் இட்டோம். பேடாகாட்டுக் கரையில் கிடைத்த வெண்சலவைத் துண்டுகள் அழகாயிருந்தமையால் அகேட் கற்களோடு கலந்தோம். ஏழாம் நாள் திறந்தபோது சலவைக்கல்லைக் காணவில்லை! அத்தனையும் கரைந்து பால்போன்ற சேறாகி, அச்சேறு பொடியின் கூர்மையையும் கெடுத்து, அகேட்டும் தேயாது கிடந்தது. முதல் தோல்வி அது.

கல்லை அறிய எளிய சோதனைகள் உள்ளன. பேனாக்கத்தியின் முனையால் கீறிப் பார்த்தால் அகேட்டிற் கோடு விழாது. சலவைக்கல்லில் ஆழமாக விழும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு இட்டு நுரைத்தால் அதனை ஒதுக்குக. சில சலவைக்கற்கள் பொடி செய்தால்தான் நுரைக்கும் என்பதால் கத்திச் சோதனையையும் விடாது செய்க. வெளிச்சத்திற்கு எதிரே பிடிக்கும்போது ஓரங்களில் ஒளி ஊடுருவினால் பெரும்பாலும் அகேட் இனமே. வெடிப்புள்ளவை, துளை மிகுந்தவை, மணற்கல், கருங்கல் ஆகியன வேண்டா. உருளைக்குப் பெரிய கல் ஒன்றரை அங்குலத்துக்கு மிகாதிருத்தல் நலம். சிறியதும் பெரியதுமாகக் கலந்திருக்க வேண்டும். சிறு கற்களே பெரிய கல்லின் வளைவுகளுக்குள் பொடியைக் கொண்டு செல்கின்றன.

ரயில்வே குடும்பத்தினருக்கு ஒரு சொல். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் ஜல்லியை எடுக்க நினையற்க. இப்பகுதியில் அது பெரும்பாலும் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். நல்ல மெருகு ஏறாது. மேலும் அது ரயில்வேயின் சொத்து. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கென்றே உள்ளது. ஆற்றங்கரையிலும் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டுவதில்லை. நர்மதையின் கல்லெல்லாம் சங்கரன் என்று நம்புகின்ற மக்களிடையே வாழ்கிறோம். நம் பூஜை அறைகளில் இருக்கும் பாணலிங்கமும் இந்நதியிலிருந்து வந்ததே. எனவே படித்துறைகளில் எடுக்காது, ஒதுக்குப்புறமான சரளைத் திட்டுகளிலேயே நாம் பொறுக்குகிறோம்.

உருட்டும் முறை நான்கு கட்டங்களாகும்.

முதற்கட்டம் உருவாக்குதல். உருளையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல் இடுக. நம் உருளைக்கு அது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ. கிலோ ஒன்றுக்கு 4 மேசைக்கரண்டி வீதம் 80-ஆம் எண் சிலிகான் கார்பைடு பொடி சேர்க்க. இப்பொருளை அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1891-இல் கண்டறிந்தார். கடினத்தில் 9-க்கும் மேற்பட்டது. சாணைக்கல், உப்புத்தாள் விற்கும் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். பிறகு மேல்வரிசைக் கற்களின் தலை சற்றே தெரியுமாறு தண்ணீர் ஊற்றுக. ஏழு நாள் ஓடட்டும். நாளுக்கு ஒருமுறை திறந்து மூடுதல் நன்று. சில கற்களிலிருந்து காற்று உண்டாகி மூடியை உந்தும். ஏழு நாளிற் கல் முழுதும் உருண்டு, குழியின்றி அமையாவிடில், புதுப்பொடி இட்டு இன்னும் ஏழு நாள் ஓட்டுக. இக்கட்டத்தில் தங்கிய கீறலைப் பின்வரும் எக்கட்டமும் நீக்காது.

இரண்டாவது 220-ஆம் எண் பொடி, அதே அளவு, ஏழு நாள். மூன்றாவது 500 அல்லது 600-ஆம் எண் பொடி, அதே அளவு, ஏழு நாள். இதன் முடிவில் கல்லைக் காயவைத்துப் பார்த்தால் பட்டுத்துணிபோல் மங்கிய மினுமினுப்புத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நான்காம் கட்டத்துக்குச் செல்வது வீண்.

நான்காவது மெருகு. இதற்கு அலுமினியம் ஆக்ஸைடு அல்லது சீரியம் ஆக்ஸைடு மென்பொடி, கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி, ஏழு நாள். அலுமினியம் ஆக்ஸைடு என்பது வேறொன்றுமன்று, நம் குருந்தக்கல்லே. ‘கொரண்டம்’ என்னும் ஆங்கிலப் பெயர் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. கத்திக்குச் சாணை பிடிப்போர் குருந்தத்தை அரக்கோடு சேர்த்துச் சக்கரம் செய்ததை ஊரில் முதியோர் அறிவர். கற்கள் தேய்ந்து உருளையில் இடம் மிகுந்திருக்குமாதலால், கடைசி இரு கட்டங்களிலும் சிறு பிளாஸ்டிக் மணிகள் சேர்த்து இடத்தை நிரப்புக. ஒரு பொடிக்குப் பயன்பட்ட மணிகளை வேறு பொடிக்குப் பயன்படுத்தற்க. இறுதியாக ஒரு கரண்டி சோப்புத் துருவலும் தண்ணீரும் இட்டுச் சில மணி நேரம் ஓட்டினால் ஒட்டியிருக்கும் வெண்பொடி நீங்கும்.

இவ்வளவையும் பிழையறச் செய்தும் மெருகு ஏறவில்லை என்று வருந்துவோர் பலர். நாமும் வருந்தினோம். இரண்டாம் தோல்வியின் கதை இதுவே.

இப்பணியில் நமக்குத் துணை நம் மூத்த புதல்வன். வயது பன்னிரண்டு. பள்ளியில் இந்தி, விளையாட்டில் இந்தி. வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பாதிப் பதில் இந்தியிலேயே வரும். நம் அலுவலோ முறைப்பணி. அவன் விழித்திருக்கும் நேரத்தில் நாம் உறங்குவதும், நாம் இருக்கும் நேரத்தில் அவன் பள்ளியில் இருப்பதுமாக வாரங்கள் கழியும். உருட்டுப்பொறி வந்தபின் மாலைதோறும் இருவரும் ஓரிடத்தில் குந்தியிருக்க ஒரு காரணம் கிடைத்தது. கூழாங்கல், குழைசேறு, சாணை, புரி முதலிய சொற்களை அவன் நம்மிடம் கற்றது அங்கேதான். பொடி மாற்றும் நாள்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலேயே எழுதி வந்தான்.

மூன்றாம் கட்டம் முடிந்த நாளன்று நமக்கு இரவுப்பணி. கற்களைக் கழுவும் பொறுப்பை அவனிடம் விட்டோம். உருளையை நாமே கழுவி, மெருகுப்பொடி இட்டு, மூடியைத் திருகி ஓடவிட்டுச் சென்றோம். ஏழாம் நாள் திறந்தபோது கற்கள் மங்கிக் கிடந்தன. கண்ணாடி வில்லை வைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள். மெருகுப்பொடியோடு முந்தைய கட்டத்துப் பருக்கை கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு சிட்டிகை கலந்தாலும் ஏழு நாள் வேலை பாழ்.

ஒரு மாத முயற்சி வீணான எரிச்சலில், கல்லைச் சரியாகக் கழுவாத குற்றம் அவனுடையதே என்று சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டோம். சிரத்தையில்லாதவன் எதிலும் உருப்பட மாட்டான் என்றும் சேர்த்துச் சொன்னதாக நினைவு. அவன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் மாலை பொறி அருகே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நோட்டுப் புத்தகம் அலமாரியில் மேலே போய்விட்டது.

நான்கு நாள் கழித்து, ஒவ்வொரு கல்லையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று தண்ணீர் மாற்றி அவன் கழுவியதாக அவன் அன்னை சொன்னாள். அன்றிரவு நாம் உருளையை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். உருளைக்குள் ஒன்றுமில்லை. மூடியை எடுத்துப் புரியின் வழியே கட்டைவிரலை ஓட்டியபோது நறநறவென்றது. பருக்கை அங்கே இருந்தது. மூடியைக் கழுவியது நாம். பணிக்கு நேரமாகிறதென்று குழாயடியில் ஒருமுறை காட்டிவிட்டுத் திருகியதும் நாமே.

மறுநாள் காலை அவனை அழைத்து அப்புரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். தொட்டான். “மூடியைக் கழுவினது யாரு அப்பா?” என்றான். நாம்தான் என்றோம். தவறு எம்முடையது, உன்மீது சொன்னது அநியாயம் என்றும் சொன்னோம். தந்தை மகனிடம் இவ்வாறு சொல்வது நம் தலைமுறையிற் பழக்கமில்லை. சொல்வதற்குச் சங்கடமாகவே இருந்தது. அவன் சற்று நேரம் மூடியையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப 600-லிருந்து மறுபடி ஓட்டணும்” என்று கூறி நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

அன்று முதல் நம் வீட்டு விதிகள் சில. அவற்றை நேயர்களும் ஏற்பது நலம். மெருகுப்பொடிக்கென்று தனி உருளையும் தனி மூடியும் வைத்துக்கொள்க. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கல், உருளை, மூடி, புரி, கரண்டி, கை நகம் ஆகிய யாவும் கழுவப்பெறுதல் வேண்டும். துளையோ வெடிப்போ உள்ள கல் பருக்கையை ஒளித்து வைக்குமாதலால், அதனை மூன்றாம் கட்டத்துக்கு முன்பே விலக்குக. ஈரத்தில் எந்தக் கல்லும் மினுக்கும். ஆதலால் கல்லை நன்கு துடைத்துக் காயவைத்த பின்னரே தீர்ப்புச் சொல்க. டியூப்லைட்டின் கீழே பிடிக்கையில் விளக்கின் உரு கல்லின்மேல் கூர்மையாகத் தெரிந்தால் மெருகு ஏறிற்று. கலங்கித் தெரிந்தால் ஒரு கட்டம் பின்செல்க. கழுவிய சேற்றைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றுவது பெரும் பிழை. அது குழாயில் தங்கிச் சிமெண்டுபோல் இறுகிவிடும். பழைய வாளியிற் படியவிட்டு, சேறு உலர்வதற்குள் குழியில் இட்டு மண்ணால் மூடுக.

மற்றொரு விதி உயிரைப் பற்றியது. கல்லை ஒருபோதும் உலர்ந்த நிலையில் அரைக்கவோ தேய்க்கவோ கூடாது. அகேட்டும் படிகமும் முழுதும் சிலிக்கா. அதன் நுண்தூசி மூச்சில் ஏறினால் நுரையீரலிற் படிந்து தழும்பாகும். சிலிகோசிஸ் என்னும் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கம்பாத்தில் அகேட் அரைக்கும் தொழிலாளர் பலர் வீட்டுத் திண்ணையிலேயே சாணைச் சக்கரம் வைத்து உலர்நிலையில் அரைத்ததால் இந்நோய்க்கு ஆளாயினர். அத்தூசி அரைப்போரோடு நில்லாது, அருகிலிருந்த வீட்டாரையும் தாக்கியது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தார் இதை ஆராய்ந்து, தூசியை உறிஞ்சும் கருவிகளையும் பரிந்துரைத்தனர். கடைகளில் நாம் மலிவாக வாங்கும் அகேட் மாலைக்குப் பின்னே இவ்வரலாறும் இருக்கிறது. உருட்டுப்பொறியில் தண்ணீர் இருப்பதால் தூசி எழாது. ஆயினும் பொடியை அளக்கும்போது முகக்கவசம் அணிக. சிந்திய சேற்றைக் காயவிடாது ஈரத்துணியால் துடைத்துவிடுக. குழந்தைகளைப் பொடி டப்பாவைத் திறக்கவிட வேண்டா. கழுவுவதும் தெரிந்தெடுப்பதும் அவர்கள் பங்காக இருக்கட்டும்.

மூன்றாம் முறை 600-லிருந்து தொடங்கினோம். இம்முறை மூடியை அவன் கழுவினான். கல்லை நாம் கழுவினோம். ஒருவர் கழுவியதை மற்றவர் விரலால் தடவிப் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே மூடி திருகப்பட்டது. பதினான்கு நாள் கழித்துச் சோப்பு நீரிலிருந்து எடுத்துத் துண்டில் பரப்பினோம். காயும்வரை எவரும் பேசவில்லை. காய்ந்த பின்னும் நிறம் போகவில்லை. தேன்நிறக் கல் தேன்நிறமாகவே இருந்தது. நாற்பத்தொரு கற்களுள் முப்பத்து நான்கில் டியூப்லைட்டின் உரு நேர்கோடாக விழுந்தது. எஞ்சிய ஏழும் வெடிப்புள்ளவை. நாம் விலக்கியிருக்க வேண்டியவை.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது அவற்றுள் ஒன்றை அவன் தன் பாட்டியிடம் கொடுத்தான். பாட்டி அதனைத் துடைத்துப் பார்த்து, ஏன் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று கேட்டார்கள். ஈரமில்லை பாட்டி, மெருகு என்று அவன் முழுத் தமிழில் விளக்கத் தொடங்கினான். குழி, கீறல், பொடி, புரி என்று வெகுநேரம் சென்றது. மூடியின் கதையையும் விடவில்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதன்முறை ஒரே இனக் கல்லாக ஒன்றரைக் கிலோ மட்டும் எடுத்துத் தொடங்குங்கள். ஒரு மாதம் பொறுத்திருங்கள். மெருகு ஏறாவிடில், கல்லின் இனம், பொடியின் எண், ஓடிய மணி நேரம் ஆகிய மூன்றையும் குறித்து நமக்கு எழுதுங்கள். இயன்றவரை காரணம் கண்டு சொல்வோம். எழுதுமுன் மூடியின் புரியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.